கிளவுட்டில் இருக்கிறது என்றால் யாரிடம் இருக்கிறது? ஊர் ஆய்வுகூடங்களும் நோயாளியின் அமானிதமும்

நமது ஊர்கள் சிலவற்றில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் குறைந்த கட்டணத்தில் இரத்தப் பரிசோதனை செய்து கொடுக்கும் ஆய்வுகூடங்களை நடத்துகின்றன. வேறு சில ஊர்களில் அதற்கான முயற்சிகள் நடக்கின்றன. மத்திய கிழக்கில் உழைக்கும் சகோதரர்களின் ஸதகாவில் இயந்திரம் வாங்கப்படுகிறது. தனவந்தர் ஒருவர் கட்டடத்தைத் தருகிறார். திறப்பு விழாவும் நடக்கிறது. மிகவும் வரவேற்கத்தக்க பணி. ஆனால் இயந்திரத்தைப் பற்றிப் பல கூட்டங்கள் கூடிப் பேசும் நாம், அந்த இயந்திரம் தரும் முடிவுகள் எங்கே, எப்படி, யாருடைய பொறுப்பில் இருக்கப்போகின்றன என்பதைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது பேசுவதில்லை.

நான் வைத்தியனும் அல்ல, கணினிப் பொறியியலாளனும் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயின்று, பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். எங்கள் ஊர்ச் சங்கம் ஆய்வுகூடத்துக்கு மென்பொருள் எடுக்க முற்பட்டபோது விலைமனுக்களைப் பார்க்க என்னையும் அழைத்தார்கள். வந்த பிரதிநிதிகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "சேர், எல்லாம் கிளவுட்டில இருக்கும், நீங்க ஒன்றுக்கும் யோசிக்கத் தேவையில்ல." இந்த வசனத்தின் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையல்ல. அது ஏன் என்பதை, இத்தகைய முடிவுகளை எடுக்க வேண்டிய ஏனைய ஊர் நிர்வாகிகளுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஒரு வரி முடிவின் பெறுமதி

ஆய்வுகூட அறிக்கை என்பது கடைச் சிட்டை போன்றதல்ல. 2017ஆம் ஆண்டு இந்நாட்டில் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளிகள் பதிவாகினர். டெங்குக் காய்ச்சலில் வைத்தியர் ஒரே ஓர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. குருதிச் சிறுதட்டுகள் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, பி.சி.வி. ஏறுகிறதா என்று தொடர்ச்சியாகப் பார்க்கிறார். நேற்றைய அறிக்கை வீட்டில், இன்றையது வேறோர் ஆய்வுகூடத்தில் என்றால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

ஒரு பரிசோதனை முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நமது சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் மாத வர்த்தமானி அறிவித்தலில் இருந்து 2021 பெப்ரவரி இறுதி வரை, கொவிட் என்று உறுதிப்படுத்தப்பட்ட ஜனாஸாக்கள் இந்நாட்டில் எரிக்கப்பட்டன. ஒரு பி.சி.ஆர். அறிக்கையில் இருந்த ஒரு சொல்தான் மண்ணா நெருப்பா என்பதைத் தீர்மானித்தது. தமது உறவினரின் பரிசோதனை முடிவை மீண்டும் சரிபார்க்கக் கேட்டு அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். மாதிரி யாருடையது, எப்போது எடுக்கப்பட்டது, யார் பரிசோதித்தார், முடிவை யார் உறுதிப்படுத்தினார் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதை அந்தக் காலம் காட்டியது.

கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து, சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுமாறு ஏவுவதே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). பணத்துக்கே இந்த ஒழுங்கு என்றால், உயிருடன் தொடர்புடைய ஒரு பதிவுக்கு எவ்வளவு ஒழுங்கு வேண்டும்?

மாதிரி போகும் வழி

ஒரு நோயாளி வருகிறார். பெயர் சிட்டையில் எழுதப்படுகிறது. பிறகு பதிவுப் புத்தகத்தில், இரத்தக் குழாயின் மேல், பரிசோதனைத் தாளில், கடைசியாக அறிக்கையில். கையால் நடக்கும் ஆய்வுகூடத்தில் ஒரே பெயரை ஐந்து இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிழை நுழைய ஒரு வாசல் திறக்கிறது.

நமது ஊர்களில் இந்த வாசல் இன்னும் பெரியது. ஒரே காலையில் மூன்று பாத்திமாக்களும் நான்கு முஹம்மத்களும் வருவது சாதாரணம். பாத்திமா என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் நாலைந்து விதமாக எழுதுகிறோம். தேசிய அடையாள அட்டையில் ஒன்று, கிளினிக் கொப்பியில் இன்னொன்று. முதலெழுத்துக்கள் விடுபட்டால் தாயும் மகளும் ஒருவராகிவிடுவார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பார்கோட் ஸ்டிக்கர் என்பதே எந்த ஆய்வுகூட மென்பொருளினதும் அடிப்படை வேலை. இரத்தம் எடுக்கும் இடத்திலேயே, நோயாளியின் முன்னாலேயே ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். குழாய்களை வரிசையாக வைத்துவிட்டுப் பிறகு ஒட்டினால் பார்கோட் இருந்தும் பயனில்லை.

பார்கோடை வாசித்த இயந்திரம் முடிவை நேரடியாக மென்பொருளுக்கு அனுப்புகிறது. எண்ணைக் கையால் தட்டச்சுச் செய்யும் படி இல்லாமற் போகிறது. தொழில்நுட்பவியலாளர் அதைப் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அறிக்கை வெளியே செல்கிறது.

இங்கே ஒரு பயனுள்ள ஏற்பாடு உண்டு. அதே நோயாளியின் முந்திய முடிவுடன் இன்றைய முடிவை மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும். செங்குருதிக் கலங்களின் சராசரிக் கனவளவு, அதாவது அறிக்கையில் எம்.சி.வி. என்று வருவது, இரத்தம் ஏற்றப்படாத ஒருவருக்கு ஓரிரு நாளில் பெரிதாக மாறுவதில்லை. நேற்று 88 ஆக இருந்தவருக்கு இன்று 68 என்று வந்தால், நோய் மாறியதை விட குழாய் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். மென்பொருள் உடனே சிவப்புக் கொடி காட்டும். கையெழுத்துப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி இதைக் கண்டுபிடிக்க ஒரு நாளுக்கு நூறு நோயாளிகள் வரும் இடத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது?

கிளவுட் என்பது என்ன?

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஆய்வுகூடத்தின் மூலையில் வைத்த ஒரு கணினியைக் கொண்டும் செய்யலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானால் பல வருடப் பதிவுகள் அதனுடன் போய்விடும். அயல் நகரமொன்றில் எனது மாமனாருக்கு மூன்று வருடங்களாகச் சிறுநீரகப் பரிசோதனை செய்துவந்த ஓர் ஆய்வுகூடத்தில், "கம்பியூட்டர் அடிச்சிட்டு, பழைய ரிப்போர்ட் ஒன்றும் இல்ல" என்று ஒரு நாள் கையை விரித்துவிட்டார்கள். கிரியேட்டினின் மூன்று வருடத்தில் எப்படி ஏறியது என்பதைத்தான் வைத்தியர் கேட்டிருந்தார்.

கிளவுட், அதாவது முகில் கணிமை, என்பது வானத்தில் இருப்பதல்ல. அது வேறொருவருடைய கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட மண்டபத்தில், இடைவிடாத மின்சாரத்துடன் இயங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளின் ஒரு சிறு பங்கை இணையத்தின் ஊடாக வாடகைக்கு எடுப்பதாகும். அமேசன் நிறுவனம் 2006இல் இதை ஒரு வியாபாரமாகத் தொடங்கியது. அதன் தரவு நிலையங்கள் சிங்கப்பூரில் 2010 முதலும் மும்பாயில் 2016 முதலும் இயங்குகின்றன. ஆகவே நமது ஊரில் எடுத்த இரத்தத்தின் முடிவு சிங்கப்பூரிலோ மும்பாயிலோ கொழும்பிலோ சேமிக்கப்படலாம். எங்கே என்பது நாம் ஒப்பந்தம் செய்யும் நிறுவனத்தைப் பொறுத்தது.

நன்மைகள் உண்மையானவை. ஊரின் அடுத்த மூலையில் மாதிரி சேகரிக்கும் நிலையமொன்று திறந்தால், புதிய கணினி வலையமைப்பு எதுவுமின்றி அங்கிருந்தும் பதிவு செய்யலாம். அறிக்கையை நோயாளி வீட்டிலிருந்தே பெறலாம். முதியவர் ஒருவர் முச்சக்கர வண்டிக்கு இரண்டாவது முறை பணம் கொடுக்க வேண்டியதில்லை. இரசாயனப் பொருட்கள் எப்போது தீரும், எவை காலாவதியாகும் என்பதை நிர்வாகம் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடம் எரிந்தாலும் வெள்ளத்தில் மூழ்கினாலும் பதிவுகள் வேறிடத்தில் இருக்கும். 2004 சுனாமியில் பிறப்புச் சான்றிதழில் இருந்து காணி உறுதி வரை இழந்து, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிய கிழக்குக் கரையோரக் குடும்பங்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

சில விடயங்களைக் கிளவுட் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். சீனிக்கு எடுத்த இரத்தத்தைச் சாம்பல் நிற மூடியுள்ள புளோரைட் குழாயில் இடாமல் சாதாரண குழாயில் மணிக்கணக்கில் வைத்திருந்தால், இரத்தக் கலங்களே குளுக்கோசை மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 வீதம் வரை உட்கொண்டுவிடும். பிழையான எண்ணை மென்பொருள் மிக அழகாக அச்சிட்டுத் தரும். தகுதியுள்ள தொழில்நுட்பவியலாளர், தரக்கட்டுப்பாடு, 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழான பதிவு ஆகிய எதற்கும் மென்பொருள் ஈடாகாது.

வாடகை வீட்டிலும் களவு போகலாம்

"கிளவுட்டில் இருந்தால் தொலையாது" என்று நம்புவோர் மூன்று சம்பவங்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது நமது நாட்டிலேயே நடந்தது. 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க முகில் மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கப்படாமலே போயின. அந்தக் காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. மென்பொருளும் பழையது.

இரண்டாவது பிரான்ஸில். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்த ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடமொன்று தீயில் அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தமது தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். பிரதி எடுப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்பது அவர்களில் பலருக்கு அன்றுதான் புரிந்தது.

மூன்றாவது ஓர் ஆய்வுகூடத்திலேயே நடந்தது. 2024 ஜூன் 3ஆம் திகதி, இலண்டனின் பெரிய வைத்தியசாலைகளுக்கு ஆய்வுகூடச் சேவை வழங்கும் சின்னோவிஸ் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. இரத்த வகையைப் பொருத்திப் பார்க்கும் வேலை மந்தமானதால், எவருக்கும் ஏற்றக்கூடிய ஓ வகை இரத்தம் கேட்டுப் பொது வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. 10,000க்கும் அதிகமான வெளிநோயாளர் சந்திப்புகள் ஒத்திவைக்கப்பட்டன. நோயாளிகளின் விபரங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன. இரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானதும் ஒரு நோயாளியின் மரணத்துக்குப் பங்களித்த காரணங்களில் ஒன்று என்று மறுவருடம் உறுதிப்படுத்தப்பட்டது.

இவற்றைச் சொல்வது கிளவுட் வேண்டாம் என்பதற்காக அல்ல. மூலையில் வைத்த கணினி இவற்றைவிட இலகுவாக அழியும். பொருளை வேறிடத்தில் வைத்தாலும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட வகையாகக் கணிக்கிறது. தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் ஆய்வுகூடம் ஒரு தரப்பு. அதன் சார்பில் சேமித்துக் கொடுக்கும் நிறுவனம் இன்னொரு தரப்பு. முதற்பொறுப்பு ஆய்வுகூடத்துக்கே. மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான சர்வதேசத் தரநியமமான ஐ.எஸ்.ஓ. 15189இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பும், தகவல் முறைமையை வெளியார் நடத்தினாலும் அது தேவைகளை நிறைவேற்றுகிறதா என்பதை ஆய்வுகூடமே உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. முறைமை நின்றுபோகும் நேரத்துக்கு மாற்றுத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

கையொப்பமிட முன் கேட்க வேண்டியவை

எங்கள் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. விற்பனைப் பிரதிநிதியின் வாய்ப்பேச்சை ஏற்காமல், ஒப்பந்தத்தில் எழுத்தில் பதில் பெறுங்கள்.

1. தரவு யாருக்குச் சொந்தம்? நாளை நிறுவனத்தை மாற்றினால், எல்லாப் பதிவுகளையும் வேறொரு மென்பொருள் வாசிக்கக்கூடிய வடிவத்தில் எத்தனை நாட்களில், என்ன கட்டணத்துக்குத் தருவீர்கள்? அச்சிட்ட அறிக்கைகளின் படங்களை மட்டும் தருவது போதாது. இலக்கங்களாகவே தர வேண்டும். மாதக் கட்டணம் பிந்தினால் கணக்கைப் பூட்டி, நோயாளியின் பழைய அறிக்கையையும் மறைப்பீர்களா?

2. எங்கே சேமிக்கிறீர்கள், பிரதிகள் எத்தனை? மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு ஊடகங்களில், ஒன்று வேறிடத்தில் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. அவற்றில் ஒன்று தாக்குதல்காரர் தொட முடியாதவாறு வலையமைப்புக்கு வெளியே இருக்க வேண்டும். பிரதி எடுத்தால் போதாது. அதிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஒரு பிரதிநிதியிடம் இதைக் கேட்டபோது, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சேர்" என்றார். அதுவே கேட்க வேண்டியதற்குப் போதுமான காரணம்.

3. இணையமும் மின்சாரமும் இல்லாவிட்டால்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருண்டது. இணைப்பு அறுந்தாலும் ஆய்வுகூடக் கணினியில் வேலையைத் தொடர்ந்து, இணைப்பு வந்ததும் தானாக மேலேற்றும் வசதி வேண்டும். அதற்கு மேலாக, முன்கூட்டியே அச்சிட்ட படிவங்களும் இலக்கமிட்ட ஸ்டிக்கர்களும் லாச்சியில் இருக்க வேண்டும். அறிக்கைகள் பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமே என்பதால் இணையச் செலவு அதிகமாகாது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகளை வைத்துக்கொள்வது ஊர்ச் சங்கமொன்றுக்குத் தாங்கக்கூடிய செலவுதான்.

4. யார் எதைப் பார்க்கலாம்? இதுவே நமது ஊர்களுக்கு மிக முக்கியமான கேள்வி. சிறிய ஊரில் பணம் வாங்கும் பிள்ளை, பரிசோதிக்க வந்தவரின் மச்சியாகவோ பக்கத்து வீடாகவோதான் இருப்பார். கர்ப்பப் பரிசோதனை, பாலியல் தொற்றுக்கான பரிசோதனை, தலசீமியாக் காவியா என்ற பரிசோதனை போன்றவற்றின் முடிவு வெளியே கசிந்தால் ஒரு கல்யாணப் பேச்சே குழம்பிவிடும். பணம் வாங்குபவர் கட்டணத்தை மட்டும் பார்க்க வேண்டும். தொழில்நுட்பவியலாளர் முடிவைப் பார்க்கலாம். நிர்வாக சபைத் தலைவராக இருந்தாலும் நோயாளியின் முடிவைப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. இதைச் சொல்வது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

5. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டா? சுவரில் ஒட்டிய ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பாவிக்கும் இடத்தில், ஒரு முடிவை யார் மாற்றினார் என்பதை ஒருபோதும் அறிய முடியாது. நல்ல மென்பொருளில் பழைய எண், புதிய எண், மாற்றியவர், நேரம், காரணம் அனைத்தும் அழியாமல் பதிவாகும். பதிவுப் புத்தகத்தில் வெள்ளை பூசி எழுதுவது போல அதில் எழுத முடியாது.

6. அறிக்கையை எப்படி அனுப்புகிறீர்கள்? ஊழியரின் சொந்தத் தொலைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஊரின் முழு நோய் விபரமும் அவருடைய கைத்தொலைபேசியில் சேர்ந்துவிடும். நோயாளியின் தொலைபேசிக்கு வரும் தற்காலிக இலக்கத்தைக் கொடுத்துத் திறக்கும் இணைப்பே மேலானது. தொலைபேசி பாவிக்கத் தெரியாத முதியவருக்கு அச்சிட்ட தாள் எப்போதும் கிடைக்க வேண்டும்.

7. கட்டணம் எந்த நாணயத்தில்? மாதம் 50 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 10,000 ரூபா. அதே வருடம் மே மாதத்தில் ஏறக்குறைய 18,000 ரூபா. சேவையும் தரவும் அதே அளவுதான், செலவு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. ரூபாவில், குறைந்தது இரண்டு வருடங்களுக்கு நிலையான விலையைக் கேளுங்கள்.

பணமே இல்லாத சங்கங்களுக்கு ஒரு தகவல். ஓப்பன் இ.எல்.ஐ.எஸ்., செனைட் போன்ற ஆய்வுகூட மென்பொருட்கள் உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கணினித் துறையில் படித்த நமது பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இயந்திரம் வாங்கித் தருவதைப் போலவே, மாதம் இரண்டு நாள் தமது அறிவைத் தருவதும் ஸதகாதான் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

கடைசியாக, நிர்வாகங்களுக்கு மூன்று சிறிய ஆலோசனைகள். தரவுக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். மாதத்தில் ஒரு நாள், பத்துப் பழைய அறிக்கைகளைப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்துக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். வருடத்தில் ஒரு நாள், இணையத்தை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு ஒரு மணித்தியாலம் கடதாசியில் வேலை செய்து பாருங்கள். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

அமானிதம் என்ற சொல்லை நாம் பணத்துக்கும் பதவிக்கும் மட்டுமே பாவித்துப் பழகிவிட்டோம். வரிசையில் நின்று கையை நீட்டி இரத்தம் கொடுக்கும் ஒரு தாய், தன் உடலைப் பற்றிய இரகசியத்தையும் சேர்த்தே நம்மிடம் தருகிறார். அது சிங்கப்பூரில் இருந்தாலும் நமது அலுமாரியில் இருந்தாலும் கேள்வி கேட்கப்படுவது நாம்தான். இத்தகைய பணிகளில் ஈடுபடும் அனைவரின் முயற்சிகளையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.